பொத்தான் இல்லாத பட்டாளம்

எல்லோரும் அவரைத் தளபதி என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவம் இருக்கும் திசையில்கூட அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உத்தரவுக்கு ஏறி இறங்கியவை லிஃப்டுகள் மட்டும்தான். அவையும் மனம் வைத்தால்தான்.

பட்டத்தைக் கொடுத்தவர் தையல்காரர். காவலாளிகளின் சீருடை மூட்டையோடு அவர் ஒரு நாள் லிஃப்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். "உக்காரு! கதவைத் தொடாத! மூச்சை மெதுவா விடு!" என்று மெக்கானிக் வெளியே நின்று முழங்க, உள்ளேயிருந்து பதில் வந்தது.

"யோவ், நீ என்ன பெரிய தளபதியா? முதல்ல கதவைத் திற. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

சொன்னபடியே வைத்துக்கொண்டார்கள். வாராவாரம் விடுமுறை நாளில், தளபதி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அந்தச் சண்டை வருடக்கணக்கில் நடந்தது. மேசையை மூடி ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் அட்டை மலைகள், ஸ்பான்ஜ் காடுகள், நீலப் பெயின்டில் ஓர் ஆறு, கட்டைவிரல் உயரத்தில் இரண்டு நாட்டுப் பொம்மைச் சிப்பாய்கள். யார் எத்தனை அங்குலம் நடக்கலாம், எத்தனை அங்குலம் சுடலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. தூரத்தை அளக்கத் தையல்காரரின் நாடா. உயிரை எடுக்கப் பகடை. சிப்பாய்களுக்கு வண்ணம் பூசியவரும் தையல்காரர்தான். ஒவ்வொரு சட்டைக்கும் ஊசி முனையால் பொத்தான் வைத்திருந்தார், எதிரி நாட்டான் சட்டை உட்பட. போர் வேறு, தொழில் வேறு என்பார்.

அந்த வீட்டில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பாடு. விருந்தாளிகள் மேசையைப் பற்றிக் கேட்டால், "அது எல்லைத் தகராறுல இருக்கு. தீர்ந்ததும் சொல்லி அனுப்புறோம்" என்பாள் தளபதியின் மனைவி.

பிறகு தையல்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தப்பியது, வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு மாற்றினார்கள். அவருடைய மகள் ஒரு நாள் வந்து, மேசை ஓரம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, அப்பா எந்நேரமும் சுவரைப் பாத்துத்தான் படுத்திருக்கார். கைப்பயிற்சி கொடுக்க வர்றவங்களைத் திட்டி விரட்டுறார். அமுக்கச் சொல்லி ரப்பர் பந்து கொடுத்தா தூக்கி எறியறார்."

"எந்தக் கையால?"

"இடது கையால."

"அப்ப யார் மேலயும் பட்டிருக்காது."

"சிரிக்காதீங்க மாமா. இப்ப அசைக்காம விட்டா அந்தக் கை மடங்கினபடியே இறுகிடுமாம். அப்புறம் எந்த வைத்தியத்துக்கும் திரும்பாதாம்."

தளபதி சிரிப்பை நிறுத்தினார். பலகையில் போர் பாதியில் நின்றிருந்தது. அடுத்த நகர்வு தையல்காரருடையது.

எதிரி போர்க்களத்துக்கு வர முடியாவிட்டால் போர்க்களம் எதிரியிடம் போகும் என்று அன்று மாலையே அறிவித்தார். அறிவிப்பு கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் பலகை வாசல் வழியாக வெளியே போகாது. போனாலும் பேருந்தில் ஏறாது. ஏறினாலும் அந்த இல்லத்துக் கட்டில் மேசை ஒரு கைத்துண்டு அகலம்தான், அதிலும் ஒரு மூலை தண்ணீர்க் குவளைக்குச் சொந்தம்.

ஆகவே நாட்டைச் சுருக்கினார். விதியில் அங்குலம் என்று இருந்த இடமெல்லாம் சென்டிமீட்டர் ஆனது. தன் ராஜ்யம் ஒரே கோட்டில் பாதிக்கும் கீழே போனதற்கு வேறொருவர் என்றால் கண் கலங்கியிருப்பார், இவர் பூதக்கண்ணாடி வாங்கப் போனார். பிளாஸ்டிக் துண்டுகளை அரிசி அளவில் நறுக்கி, முள்வாங்கியால் பிடித்து, ஆளுக்கு ஒரு புள்ளி வண்ணம் வைத்துப் புதுப் பட்டாளம் கட்டினார். குதிரைப்படை, பீரங்கி, பாலம், மலை எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிட்டன.

மனைவி டப்பாவை எட்டிப் பார்த்தாள். "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சுன்னு சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்."

"கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?"

"காரம் இருக்கட்டும். பக்கத்துல தும்மிடாதீங்க."

மின்விசிறியைப் போட்டதில் ஒரு படைப்பிரிவு ஏற்கெனவே வீர மரணம் அடைந்திருந்தது. அதை அவர் வெளியில் சொல்லவில்லை.

இல்லத்து அறையில் தையல்காரர் சுவரோடு சுவராகக் கிடந்தார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு, தலைமாட்டில் மருந்துத் தட்டு. வலது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். பிழிந்து போட்ட துணிபோல அது அங்கேயே கிடந்தது. தளபதி நலம் விசாரிக்கவில்லை. சக்கர மேசையை இழுத்து, துணியை விரித்து, பட்டாளத்தை இறக்கினார்.

"யோவ் டெய்லர். உன் முறை."

மகளுக்கும் திரும்பாத தலை அந்த நான்கு வார்த்தைக்குத் திரும்பியது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தார்கள். தையல்காரர் களத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டிவிட்டார். அது மரக்கட்டைபோல விழுந்ததில் ஒரு மலையும் ஒரு பாலமும் போயின. இடது கையால் முயன்றார். சிப்பாய் நகரவில்லை, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து போர்வையில் காணாமல் போனான்.

குவளையில் தண்ணீர் நிரப்ப வந்த பணிப்பெண் குனிந்து பார்த்தாள். "என்னங்கய்யா இது, எறும்பா? மருந்து அடிக்கச் சொல்லட்டுமா?"

தையல்காரரின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"பொத்தான்... எங்க?"

"என்னது?"

"சட்டைக்கு... பொத்தான்."

"ஆளே ஒரு புள்ளி அளவு. இதுல பொத்தானுக்கு எங்கய்யா போவேன்?"

"பொத்தான் இல்லாதவன்... பட்டாளத்தான் இல்ல. அவ சொன்னதுதான் சரி. எறும்பு." இடது கையால் துணியோடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேரரசைப் பணிப்பெண் முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள்.

தளபதி காலி டப்பாவோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தார். கட்டில் மேசையை அளந்திருந்தார். பையை அளந்திருந்தார். பேருந்தின் படியைக்கூட அளந்திருந்தார். எதிரியின் விரலை மட்டும் அளக்கவில்லை. பெட்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காமல் எந்த முட்டாளும் லிஃப்டுக்குக் கயிறு போடமாட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "ஜெயிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் தோத்துட்டோம்."

நடந்ததைக் கேட்டு முடித்து, தட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "பொம்மையைச் சுருக்கினீங்க. சண்டையைச் சுருக்க மனசு வரலை. மொத்தப் பட்டாளமும் வந்தாத்தான் போரா? தெருவுல ரெண்டே ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா ஊரே கூடி நிக்குது."

தளபதி அவளை முறைத்தார். சாப்பிட்டு முடித்துப் பலகைக்குப் போனார். பழைய கட்டைவிரல் சிப்பாய்களில் நாட்டுக்குக் கொஞ்சம் பேரைப் பொறுக்கினார். மலை வேண்டாம், காடு வேண்டாம், பீரங்கி வேண்டாம். ஒரே ஒரு பாலம், அதன் இரண்டு பக்கமும் ஆட்கள். குதிரைப்படையை மூன்று முறை எடுத்தார், மூன்று முறை திருப்பி வைத்தார். பிறகு ஒவ்வொரு சிப்பாயையும் மருந்து பாட்டில் மூடி ஒன்றில் ஒட்டி, மூடியைச் சுற்றி ஸ்பான்ஜ் கட்டினார். அந்த இல்லத்தில் கை விழுந்தவர்களுக்குக் கொடுக்கும் கரண்டிகளுக்கு அப்படித்தான் தடித்த பிடி போட்டிருந்தார்கள். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. மேசையில் காலியான மூலையில் மனைவி அன்றே தன் தட்டை வைத்துக்கொண்டாள். படையெடுப்பு எதுவும் இல்லாமல் அந்த மாநிலம் கைமாறியது.

மறுபடி போனபோது மகளும் அறையில் இருந்தாள். தையல்காரர் ஒரு சிப்பாயைக் கண்ணருகே பிடிக்கச் சொல்லிப் பொத்தான்களைச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தன. இடது கை நீண்டது.

"நில்லு," என்றார் தளபதி. "புது விதி. வலது கையால நகர்த்தினாத்தான் நகர்வு. இடது கை நடுநிலை நாடு."

"அநியாயம்."

"போர்ல நியாயம் கேக்குறியா? என் பாலத்தை எரிச்சியே, அன்னைக்கு எங்க போச்சு உன் நியாயம்?"

தையல்காரர் பல்லைக் கடித்தார். வலது கை தலையணையை விட்டு ஊர்ந்து வந்தது. விரல்கள் மூடியைத் தொட்டன, விலகின, மறுபடி தொட்டன. நெற்றியில் வியர்வை அரும்பியது. மகளுக்குப் பொறுக்கவில்லை, கை கொடுக்கக் குனிந்தாள்.

"அம்மாடி, கையை எடு. வெளிநாட்டுத் தலையீடு கூடாது."

ஸ்பான்ஜ் விரல்களுக்குள் நசுங்கியது. சிப்பாய் தூக்கப்படவில்லை, இழுக்கப்பட்டான். குடிகாரனைப்போலத் தள்ளாடித் தள்ளாடிப் பாலத்தின்மேல் ஏறி நின்றான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தளபதி பையிலிருந்து நாடாவை எடுத்து நிதானமாக அளந்தார்.

"நாலு அங்குலம்தான் உனக்கு. அஞ்சு தாண்டிட்ட. பின்னால வை."

"மாமா!" என்றாள் மகள்.

"விதின்னா விதிதான்."

தையல்காரர் முறைத்தார். கை மறுபடி ஊர்ந்தது. சிப்பாய் வந்த வழியே தள்ளாடிப் பின்வாங்கினான். தளபதி அளந்தார். இப்போது குறைகிறதாம், முன்னால் வைக்க வேண்டுமாம். முன்னால் வைத்தார். அளந்தார். மறுபடி கூடுதலாம்.

"உன் கண்ணு... பொட்டை," என்றார் தையல்காரர். "நாடாவைக் குடு. நான் அளக்குறேன்."

தளபதி அதை இடது கைக்கு எட்டாத பக்கம் நீட்டினார். இரண்டு விரல்கள் நடுங்கி நடுங்கி அதன் நுனியைக் கவ்வின. நழுவியது. மறுபடி கவ்வின. ஆயுள் முழுக்க ஊரார் தோளையும் இடுப்பையும் அளந்த நாடா பாலத்தின் குறுக்கே கோணலாகக் கிடந்தது.

"நாலு," என்றார் தையல்காரர். "நூல் பிசகல."

"எனக்கு நம்பிக்கை இல்ல," என்றார் தளபதி. "இன்னொரு தடவை அள."