என் கணவரின் தோளில் ஏறிய பொன்னாடை

சுவிசில் தமிழ்த் தொலைக்காட்சிக்காக முதன்முதலில் மைக் பிடித்து வீதியில் இறங்கிய பெண் நான்தானாம். அதற்காக ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரின் மண்டபம் ஒன்றில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அதை நினைத்தாலே இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தேன். கூர் நகரில் ஒரு தமிழ் முதலாளியின் உணவகத்தில் வேலை செய்த பெண், அவன் தன்மேல் கை வைத்ததை என் கமராவுக்கு முன்னால், முகத்தை மறைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள். எங்கள் நிலைய இயக்குநர் அதை ஒளிபரப்ப விடவில்லை. "எங்கட சனத்தை நாங்களே நாறடிக்கிறதோ?" என்றார். அந்தப் பேட்டியை விழாவில் போட வேண்டும் என்றேன். அதே இயக்குநர்தான் விழாத் தலைவர். "ஓம் ஓம், கட்டாயம்" என்றார். அவளும் நம்பி, ரயிலேறி வந்து கடைசி வரிசையில் இருந்தாள்.

திரையில் ஓடியதோ என் சேலைகள். பொங்கல் சேலை, தீபாவளிச் சேலை, வாழ்த்துச் சொல்லி நான் சிரித்த சிரிப்பு. அகதி முகாம் வாசலில் பனிக்குள் நின்று எடுத்த செய்திகளில் ஒன்றையும் காணவில்லை. சீ, இதுவும் ஒரு பாராட்டா?

பிறகு பொன்னாடை. ஆண் ஒருவர் பெண்ணுக்குப் போர்த்தக் கூடாதாம். மேடையில் என்னைத் தவிர ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் எல்லோரும் பின்னால் சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கொஞ்சம் முழித்துவிட்டு, என் கணவரைக் கூப்பிட்டு அவருக்குப் போர்த்திவிட்டார். இந்த மனுசன் என் செய்தியை ஒரு நாளாவது முழுதாய்ப் பார்த்தவரில்லை. மைக்கை வாங்கி, "நான் விட்டபடியாத்தான் இவ இந்த இடத்துக்கு வந்தவ" என்றார். சனம் கைதட்டியது.

"பேட்டி எங்க அண்ணை?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"சாப்பாடு ஆறுது தங்கச்சி. பிறகு பாப்பம்."

கடைசி வரிசையில் அவள் எழும்பிக் கோட்டைப் போட்டாள். நான் மேடையிலிருந்து இறங்கி அவளோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். கணவர் பொன்னாடையோடு சாப்பாட்டு வரிசையில் நின்றார்.

பிளாட்பாரத்தில் அவள் கேட்டாள். "அக்கா, அந்தப் பேட்டியை உங்கட போனில திருப்பி எடுப்பமோ?"

"ஓம். முகத்தை மறைச்சு எடுக்கிறன்."

"மறைக்க வேண்டாம். அங்க மேடையில ஒருத்தரும் தங்கட முகத்தை மறைக்கேல்லையே."