சித்தி சுரண்டிய கட்டை

தேய்த்துக் கழுவிய அம்மிக்கல் மாதிரி பளிச்சென்று கிடந்தது அந்தக் கட்டை. கொச்சியில் என் வாடகை வீட்டுக் குளியலறை வாசலில், கையில் தேங்காய் நாரோடு சித்தி. "பூச்சி புடிச்ச கட்டைய வீட்டுக்குள்ள வச்சிருக்கியேட்டி, சுத்தமா சுரண்டிட்டேன்" என்றார் பெருமையாக.

ஆழ்கடலில் மூழ்கிக் கிடந்து மீன்வலையில் சிக்கிய கட்டை அது. அதில் ஒட்டியிருந்தவை பூச்சிகள் அல்ல. மிளகளவுகூட இல்லாத வெள்ளை நத்தை இனம். தொப்பியைக் கவிழ்த்தாற்போல் ஓடு, கண் கிடையாது. மழைக்காலத்தில் ஆறு அடித்துப் போகும் மரம் கடலடியில் தங்கினால், அதுவே அவற்றுக்கு வீடும் சோறும். என் ஆராய்ச்சிப் பட்டம் அவற்றை நம்பித்தான் இருந்தது. அன்று ஹர்த்தால் என்று ஊரே கடையடைப்பு, ஆய்வகமும் பூட்டு. அதனால்தான் பனிக்கட்டி போட்ட கடல்நீர் வாளியில் வீட்டிலேயே வைத்திருந்தேன்.

சித்தியைச் சொல்லி என்ன? பீர்மேட்டு எஸ்டேட்டில், கவாத்து வெட்டிய தேயிலைத் தூர்களில் ஒட்டிய பாசியை நார் போட்டுச் சுரண்டியே காலம் கழித்தவர். அம்மா போனபின் என்னை வளர்த்தவரும் அவர்தான். கண்புரை அறுவைக்கு வந்திருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஆனாலும் கத்தத்தான் செய்தேன். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். "என் படிப்பே போச்சு சித்தி! உன்ன யாரு அதத் தொடச் சொன்னா?"

சித்தி திருப்பிக் கத்தவில்லை. "சுரண்டினத எங்கயும் கொட்டல. கறிவேப்பிலைத் தொட்டியில உரமாத்தான் போட்டேன். அழுகைய அப்புறம் வச்சுக்க, மாவுச் சல்லடைய எடு" என்றார். தொட்டி மண்ணை வாளிக் கடல்நீரில் கரைத்து அவர் ஊற்ற ஊற்ற, நான் பொறுக்கினேன். மதியச் சோறு இருவருக்குமே மறந்துபோனது. பாதி நொறுங்கியிருந்தன. முழுதாகக் கிடைத்தவை என் பட்டத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

இன்று நான் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன் என்றால் அது சித்தி போட்ட சோறு, சித்தி அரித்துக் கொடுத்த பட்டம். கெடுத்ததும் அவர்தானே என்று என் தோழி ஒருத்தி கேலி செய்வாள். செய்யட்டும். எனக்கு அவர் தெய்வம்.

அப்போது அறுவை முடிந்து, கண்கட்டுப் பிரித்துப் பார்வை தெளிந்ததும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், நுண்ணோக்கியில் ஒன்றைக் காட்டினேன். மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்.

"இம்புட்டு அழகாட்டி இது?" என்றார். பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அன்னைக்கு நீ கத்துனது பத்தாதுட்டி."