குறை சொல்லாத மனிதருக்கு வந்த நோய்

மூன்று பஸ் போயும் என் வீட்டுக்காரர் ஏறவில்லை என்று ஆரப்பாளையத்து டீக்கடைக்காரர் வந்து சொன்னபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது. அது எண்பதுகளின் தொடக்கம். அவர் பஞ்சாலையில் ஃபிட்டர். ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்தியதில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "கால் எழும்பல" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர், மனச்சோர்வு நோய் (மனமும் உடம்பும் சேர்ந்து முடங்கிப்போவது) என்றார். இமிப்ரமின் (அந்தச் சோர்வைத் தணிக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். வாய் வறளும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போனால் மூத்த ஆண்தான் பேசுவார். காளவாசலில் டயர் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் கூட வந்தார். டாக்டர் இவரைப் பார்த்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். "இப்பத் தேவலை சார், நல்லாருக்கான்" என்று அண்ணன் சொல்வார். இவர் தலையை ஆட்டுவார். நெருப்பை மிதித்தாலும் அடுத்தவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று சிரிக்கிற சுபாவம். நான் நேரெதிர். எனக்குத் தலைவலி வந்தால் தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவள், மச்சான் என்று நான் கூப்பிடும் அந்த அண்ணன் முன்னால் வாயைத் திறக்காமல் சுவரோரம் நின்றேன். அந்த வாய் எதற்கு எனக்கு?

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் எழுந்து நடமாடினார். சவரம் செய்தார். இரவல் வாங்கிய ஸ்பானர்களைத் துடைத்து ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டினார். கோச்சடையில் எங்கள் தெருவே "ஆளு தேறிட்டாருல்ல" என்றது. நான் அந்தப் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தேன். பத்திரத்தை என்னிடம் எதற்குக் காட்டுகிறார்?

அடுத்த முறை அண்ணன் "நல்லாருக்கான்" என்று ஆரம்பித்ததும் நான் முன்னால் வந்துவிட்டேன்.

"இல்ல சார். எல்லாத்தையும் முடிச்சு வைக்கிற மாதிரி இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு."

"ஏத்தா, நீ சும்மா இரு" என்றார் அண்ணன்.

"இம்புட்டு நாளும் சும்மாதான மச்சான் இருந்தேன்!"

டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"சாகணும்ங்கிற நெனப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. சிலருக்கு முதல்ல உடம்புக்குத் தெம்பு வரும், மனசு பின்னாலதான் தேறும். அந்த இடைவெளியிலதான் ஆபத்து. உங்களுக்கு இது வந்திருந்தா முத நாளே சொல்லியிருப்பீங்க. இவர மாதிரி ஆளுங்க நம்ம மனசு நோகக் கூடாதுன்னே தேறிட்டேம்பாங்க. மாத்திரைய நீங்க வச்சுக்கங்க. தனியா விடாதீங்க."

நான் வெளியே வந்து சொன்னதும் அண்ணன் வராண்டா பெஞ்சில் உடைந்துபோய் உட்கார்ந்தார். "ஏன்டா, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்ணே" என்றார் இவர்.

அதன்பின் எனக்குக் கிழமை, தேதி எதுவும் கிடையாது. காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, அவ்வளவுதான் நாள். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தவர் நிமிர்ந்தார். "என்ன கொழம்பு வச்சிருக்க, உப்பே இல்ல" என்றார். கல்யாணமாகி முதல் குறை. வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நல்ல மனுஷர் படுத்திருந்தால், டாக்டரிடம் அவரையே பேசவிடுங்கள். அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.

மாத்திரை நின்று பல வருஷம் ஆகிறது. என் பயத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. நேற்று சாப்பிடும்போது குழம்பு நல்லாருக்கு என்றார். பொழுது சாயும்வரை நான் அவர் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.