பத்துக்கு ரெண்டு

விடியலில் அந்த மண் ரோட்டில் ஆட்கள் ஓடி வருவது, கண்ணுக்குத் தெரியும் முன்பே கிப்டாலத்தின் காதுக்கு வந்துவிடும். முன்னால் வருவது மூத்த ஓட்டக்காரர் சிமோட்வோ. குதிகால் தரையில் படாத ஓட்டம் அவருடையது. அவரை ஒட்டி தனுய், இடது காலைக் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து வருவான். பின்னால் இளவட்டங்கள், தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல ஒரே கூட்டமாக. வாடகை அறையில் கட்டில் விளிம்பில் பால் டீயோடு உட்கார்ந்து, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். கூட்டம் வளைவு தாண்டி, காட்டுக்குள் நுழைந்து, ஓசை அடங்கிய பிறகுதான் டீயை வாயில் வைப்பான். அதற்குள் மேலே ஆடை கட்டியிருக்கும்.

கப்தகட் ஓட்டப் பயிற்சி முகாமில் அவன் ஏழெட்டு வருஷம் ஓடியவன். வாரம் முழுக்க முகாமில் படுக்கை, சனிக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளிடம், ஞாயிறு சாயங்காலம் திரும்பவும் முகாம். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. ஓடாதவன் ஓடுகிறவர்களின் பானையில் உகாலிக் களி கிண்டித் தின்பது அவனுக்கே தொண்டையில் இறங்கவில்லை. ஒரு நாள் எல்லாரும் பயிற்சிக்குப் போயிருந்தபோது மெத்தையைச் சுருட்டிக்கொண்டு இந்த அறைக்கு வந்துவிட்டான். வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் பெண்டாட்டி ஜெமேலி கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு அவனிடம் என்ன இருந்தது? இடது கால், ஏற்றத்தில், அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவ்வளவுதான். சமதரையில் மணிக்கணக்காக ஓடலாம், ஒன்றும் செய்யாது. பள்ளத்தாக்கிலிருந்து மேலே வரும் நீண்ட ஏற்றத்தில், எல்லாரும் மூச்சை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில், கெண்டைக்கால் கல்லாகும். நின்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மறுபடி அழுத்தி ஓடினால் மறுபடி வரும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிற்க முடியுமா? அதனால் அவன் குனிந்து லேஸ் கட்டுவான்.

அதை வைத்து தனுய் ஒரு சிரிப்பே கிளப்பிவிட்டிருந்தான். "டேய், உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச உங்க அம்மா, லேஸ் கட்டக் கத்துக்குடுக்கலையாடா? அந்த ஏத்தம் வந்தா மட்டும் எப்படிடா அவுருது?"

"மட்ட லேஸு" என்பான் கிப்டாலம்.

"வேற வாங்கு."

வேறு வாங்கினான். ஏற்றத்தில் அதையும் குனிந்து கட்டினான்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. முதலில் பார்த்தவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் இருக்கலாம் என்று படம் எடுத்தார். கீறல் இல்லை. ஓய்வெடுக்கச் சொன்னார். எடுத்தான். திரும்பி வந்து முதல் ஏற்றத்திலேயே அதே கதை. அடுத்தவர் முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கும் என்றார். அதுவும் இல்லை. மூன்றாமவர் நைரோபியில். தசையின் உறை இறுகியிருக்கிறது, கீறித் தளர்த்தினால் போதும் என்று ஆபரேஷனே செய்தார். கெண்டைக்காலில் நீளத் தழும்பு வந்தது. ஏற்றம் அப்படியேதான் இருந்தது.

மூன்று பேருமே ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. வேறு எண் அவனுக்கு வாயில் வராது. வாலிபத்தில், ஊர்ப் பையன்களோடு வரிசையில், விடியற்காலைக் குளிரில் சுன்னத்துக் கத்திக்கு முன்னால் நின்றவன் அவன். கண் இமை ஆடுகிறதா, தாடை இறுகுகிறதா என்று பார்ப்பதற்கென்றே பெரியவர்கள் எதிரே நின்றார்கள். ஆடியிருந்தால், பயந்தவன் என்ற பேச்சு அவனோடு முடிந்திருக்காது. தம்பிக்குப் பெண் கேட்கப் போகும் வீட்டுக்கும் அது முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். அவனுக்கு ஆடவில்லை. அன்று காலை எத்தனை என்று யாராவது கேட்டிருந்தாலும் ரெண்டு என்றுதான் சொல்லியிருப்பான்.

ரெண்டு என்று சொல்கிறவனுக்கு, படத்திலும் ஒன்றும் தெரியாதவனுக்கு, டாக்டர்கள் என்ன செய்வார்கள்? நல்ல மனிதரான சிமோட்வோவே ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். "தம்பி, சில பேருக்குக் காலு நல்லாத்தான் இருக்கும். மனசு முந்திக்கிட்டு நின்னுடும். எனக்கும் ஒரு வருஷம் அப்படி இருந்திச்சு."

"ஆமாண்ணே" என்றான் கிப்டாலம். அன்றைக்குத்தான் மெத்தையைச் சுருட்டியது.

அதன் பிறகு மழைக்காலம் வந்து போயிற்று. இருட்டும் நேரத்தில், ரோட்டில் ஆளில்லாதபோது தனியாகப் போய் அந்த ஏற்றத்தில் ஓடிப் பார்ப்பான். மனசுதான் என்றால், பார்க்க யாருமில்லாத இடத்தில் அது ஏன் நிற்க வேண்டும்? இருட்டிலும் கால் போயிற்று. இருட்டிலும் அவன் குனிந்து லேஸைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. யாருக்காகக் கட்டினோம்?

எல்டோரெட் டவுன் ஆஸ்பத்திரியில் ஓட்டக்காரர்களைப் பார்க்கப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் அவினோ, ஏரிக்கரைப் பக்கத்து லூவோ இனத்துப் பெண். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று இங்கே எல்லாரும் செய்வதுபோல அவனும் முதல் நாள் ஓடாமல் உடம்பை ஆறப்போட்டு, குளித்து, தேய்த்த பேன்ட்டும் பாலீஷ் போட்ட தோல் செருப்பும் போட்டுக்கொண்டு போனான்.

அந்த அம்மா காலை அமுக்கிப் பார்த்தார். "பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு, டாக்டர்."

கால் கட்டைவிரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினார். அவர் விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். "இது?"

"ரெண்டு."

"இது?"

"ரெண்டு."

"கிப்டாலம், நான் இன்னும் தொடவே இல்ல."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சிரித்துவிட்டார். "எங்க ஏரிக்கரையில கொசு கடிச்சாலே ஒன்பதும்பாங்க. உங்க மேட்டுலேருந்து வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு. நான் என்னத்த வெச்சு வைத்தியம் பாக்குறது? சரி, எண்ண விடுங்க. வலியையும் விடுங்க. அந்த ஏத்தத்துல அது வரும்போது நீங்க என்ன செய்வீங்க?"

இதை யாரும் கேட்டதில்லை.

"லேஸ் கட்டுவேன்."

"அவுந்துடுமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னொரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, பிறகு சொன்னான். "ஷூ கால்ல இருக்கான்னு பாப்பேன், டாக்டர். கழண்டு பின்னாடி எங்கயோ விழுந்துட்ட மாதிரி இருக்கும். குனிஞ்சு பாத்தா இருக்கும். குனிஞ்சதுக்கு ஏதாச்சும் செய்யணுமே, அதான் கட்டுறது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வலிக்கலயா?"

"வலிக்கவும் செய்யும். ஆனா அது பெரிசில்ல. காலே இல்லாத மாதிரி இருக்கும். அது வலி இல்லையே, அதனால சொல்லல."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சமையல் கூடத்துக்கு விறகு லாரி ஏறும் சரிவு ஒன்று இருந்தது. டாக்டர் அவனை அங்கே கூட்டிப்போனார். "வர்ற வரைக்கும் ஓடுங்க. வந்த உடனே நின்னுடணும். மறைக்கக் கூடாது."

தோல் செருப்பைக் கழற்றி வைத்து, பேன்ட்டை மடித்துவிட்டு, வெறுங்காலோடு ஓடினான். கை கழுவ வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். "இந்தாளுக்கு என்ன வியாதி? நல்லாத்தானே ஓடுறான்?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கெண்டைக்கால் இறுகத் தொடங்கியது. பழக்கத்தில் இன்னும் ஒரு தரம் ஏறினான். பாதம் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. குனிய லேஸ் இல்லை. நடுச்சரிவில், அத்தனை பேர் பார்க்க, நின்றான்.

டாக்டர் ஓடி வந்து, அவனைப் படியில் உட்காரவைத்து, காலைத் தன் மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளங்கால் சாம்பல் பூத்திருந்தது. பாதத்தின் மேல் விரலை வைத்து, தலையைச் சாய்த்து, எதையோ கேட்பவர்போல இருந்தார். விரலை இடம் மாற்றினார்.

"இல்ல" என்றார். பிறகு, "இரு, இரு. இப்பத்தான் வருது" என்றார். அவனை ஒருமையில் கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை.

நாடி. அவன் ஓடும்போது அந்தக் காலுக்கு ரத்தமே போகவில்லை. பிறகு, பாதத்தைக் கீழே அழுத்தச் சொல்லி ஸ்கேன் எடுத்தபோது தெளிவாகவே தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னால் தசையின் ஒரு நார், இருக்கக் கூடாத இடத்தில், ரத்தக் குழாயின் குறுக்கே போயிருந்தது. பிறவியிலேயே அப்படி. ஓட ஓட தசை தடித்து, குழாயை மிதித்துக்கொண்டு நின்றது. ஓடாமல் படுத்திருப்பவனின் காலில் அது தெரியாது. அவனோ ஒவ்வொரு முறையும் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு அல்லவா டாக்டரிடம் போனான்.

"அப்ப மனசுல இல்லையா, டாக்டர்?"

"மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இது கால்ல இருக்கு."

அறைக்குத் திரும்பி ஜெமேலிக்குப் போன் செய்தான். ஆபரேஷன் என்றதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டை அக்காவிடம் விட்டுவிட்டு, பிளாஸ்க்கில் டீயோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

மயக்கம் தெளிந்த சாயங்காலம் நர்ஸ் வந்து கேட்டாள். "பத்துக்கு எத்தனை?"

ஜெமேலி கட்டிலுக்கு அந்தப் பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி முன்னால் சொல்கிற பதில் ஒன்றுதான். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் ரெண்டு என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு தழும்பு வீணாகக் காலில் கிடந்தது.

"ஏழு" என்றான்.

ஜெமேலியின் கை ஒரு கணம் நின்றது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய், ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர்த் தொட்டியும் ஒரு மதிலும்தான். அவள் அவனுக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் அவன் முகம் சுளித்தான். பெரியவனான பிறகு முதல் தடவையாக, கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, வேண்டிய மட்டும் சுளித்தான். நர்ஸ் ஊசி போட்டாள். வெகு நேரம் கழித்துத்தான் ஜெமேலி திரும்பினாள்.

"கிபெட்டோட அப்பா, டீ ஆறுது" என்றாள்.

தையல் பிரிந்ததும் அவள் ஊருக்குப் போனாள். அவன் அறைக்கு வந்தான். முதலில் கதவிலிருந்து கேட் வரை நடை. பிறகு பள்ளிக்கூடம் வரை. பிறகு, பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும் பாதையில் அவர்களுக்குப் பின்னால். குடத்தோடு அவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். சிமோட்வோ ஒரு தடவை சுரைக்குடுவையில் புளித்த பால் கொண்டுவந்து வைத்தார். "மனசுன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "பரவாயில்லண்ணே" என்றான். இருவரும் பாலைக் குடித்தார்கள். காலையில் காலடிச் சத்தம் வரும்போது அவன் இன்னும் கட்டில் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தான். டீ மட்டும் இப்போது சூடாகவே இறங்கியது.

டாக்டர் ஓடலாம் என்று சொன்ன வாரத்தில் ஒரு நாள், விடியலில், கேட்டுக்கு வெளியே போய் நின்றான். கூட்டம் வந்தது. யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, யாரும் நலம் கேட்கவில்லை. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விலகியது. அதில் புகுந்துகொண்டான்.

காட்டைத் தாண்டும் வரை மூச்சு தாங்கியது. ஏற்றம் தொடங்கியதும் நெஞ்சு எரிந்தது, தொடை நடுங்கியது, விலாவில் குத்தியது. அத்தனை மாதம் படுத்துக் கிடந்த உடம்பு, இளவட்டங்களுக்கு ஈடு கொடுக்கவில்லை. ஆனால் இடது பாதம் இருந்தது. கூழாங்கல் ஒவ்வொன்றும் அடியில் தெரிந்தது. அவன் பின்தங்கினான். தனுய் முன்னாலிருந்து, திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

"என்னடா, லேஸா?"

"இல்ல. முடியல."

யாரும் சிரிக்கவில்லை. தனுய் கையை மட்டும் பின்னால் ஒரு முறை ஆட்டினான். யாரும் நிற்கவும் இல்லை. ஏற்றத்தில் ஒருவனுக்காகக் கூட்டம் நிற்காது. அவன் முன்னால் இருந்த காலத்திலும் நின்றதில்லை. சத்தம் முதலில் ஒன்றாகக் கேட்டது, பிறகு சிமோட்வோவுடையது தனியாக, பிறகு எதுவுமில்லை.

அவன் நடந்தான். முந்தின நாள் மழையில் ரோட்டின் நடுவே செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது. சுற்றிப் போக இடமிருந்தும், இடது காலை அதில் வைத்தான். ஷூவுக்குள் இறங்கி, விரல் விரலாக, சில்லென்று ஏறியது. கொஞ்ச நேரம் அதிலேயே நின்றான்.