வலது முட்டி

அப்பா முப்பத்தொரு வருடம் டவர் கிரேன் ஓட்டினார். கேபின் எங்கள் குளியலறையைவிடச் சின்னது. காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போகும். மற்றதற்கு ஒரு பாட்டில். "ஊரே காலுக்குக் கீழ கெடக்கு, எழுந்து நிக்கத்தான் இடமில்ல" என்பார்.

நான் பிசியோதெரபிஸ்ட். அவர் என்னைக் கூப்பிடுவது "அரை டாக்டர்".

இடுப்புக்குள் சோவாஸ் என்று ஒரு தசை, பக்கத்துக்கு ஒன்று. கீழ்முதுகெலும்பில் தொடங்கி, இடுப்பெலும்பின் முன்புறமாக இறங்கி, தொடையெலும்பின் உள்பக்கத்தில் முடியும். தொடையைத் தூக்குவது அதன் வேலை. உட்கார்ந்தே கிடந்தால் குறுகிவிடும். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் குறுகியிருந்தது. மல்லாந்து படுத்தால் முட்டி இரண்டும் தூக்கியபடியே நிற்கும். "படுத்தும் கிரேன்தான் ஓட்டுறாரு" என்பாள் அம்மா.

போன மழைக்காலத்தில் முதுகுவலி கூடியது. கட்டில் விளிம்பில் படுக்கவைத்துத் தொடையைக் கீழே அழுத்தினேன்.

"வலது பக்கம் ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

"நீயே எடுத்துவிடு. முழு டாக்டர்கிட்ட போனா லீவு போடச் சொல்வான். நான் இறங்கினா அந்த சீட்டுல வேற ஆள் ஏறிடுவான்."

முப்பது விநாடி அழுத்திப் பிடிப்பேன், ஐந்து முறை, தினமும். மூன்று வாரம். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வலிக்குப் போட்ட மாத்திரை காய்ச்சலையும் அமுக்கி வைத்திருந்தது.

ஒரு மாலை அவரால் இறங்க முடியவில்லை. கீழே நின்று கிரேனுக்கு வழிகாட்டும் சிக்னல்காரரிடம் வாக்கிடாக்கியில் சொன்னாராம்: "கால் வரமாட்டேங்குது தம்பி. மெதுவாவே வாங்க, நான் எங்க போகப்போறேன்."

கயிறு கட்டி இறக்க மூன்று மணி நேரம் ஆனது. ஸ்கேனில் வலது சோவாஸ் முழுக்கச் சீழ். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிக்னல்காரர் சொன்னார்: "மூணு வாரமா அண்ணன் பேண்ட்டைப் புடிச்சு வலது காலைத் தூக்கித் தூக்கி வெச்சுத்தான் ஏணி ஏறினாரு. கேட்டா, 'எம் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா'ன்னாரு."

இரண்டு முட்டியும் ஒரே மாதிரி மடங்கியிருந்தால், அது உட்கார்ந்த வேலை. அப்பாவின் வலது முட்டி போல ஒன்று மட்டும் கூடுதலாக உயர்ந்திருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. இரண்டாம் வருடப் பாடம். வேறு யாராவது வந்து படுத்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பேன். இவர் என் அப்பா, கிரேன்காரர். பார்க்காமலே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தபோது வலது முட்டி இறங்கி இடது முட்டியின் மட்டத்துக்கு வந்திருந்தது. தசையின் பிடி விட்டிருந்தது. இரண்டும் கொஞ்சம் மடங்கியே இருந்தன. அந்த மீதி மடக்கம் கிரேன் சீட்டுடையது.

போர்வை சரியாக விழவில்லை என்று வார்டு ஊழியர் முட்டியில் கை வைத்து அழுத்தப் போனார்.

"அழுத்தாதீங்க" என்றேன்.