நுரைக்காத இடம்

கடல் என்றால் எங்கள் ஏற்காடு ஏரியைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கியது என்றுதான் பத்து வயது வரைக்கும் நினைத்திருந்தேன். அந்த வருஷம் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும், மாசி மகத்துக்குக் கடலில் முழுகி வரலாம் என்று வாழவந்தியிலிருந்து வேன் பிடித்துக் கிளம்பினோம். அம்மாவின் ஒரே தம்பியான என் மாமாவும் வந்தார். பங்குனியில் அவருக்குக் கல்யாணம். எஸ்டேட் தொட்டியில் நீந்திப் பழகிய தைரியத்தில், கடலுக்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் போல வண்டியேறினார்.

கரையில் ஏகப்பட்ட கூட்டம். அலை நுரைத்துப் புரட்டிப்போடும் இடத்திலேயே அத்தனை சனமும் விழுந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தது. நான் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் சற்றுக் கறுத்துக் கிடந்தது. அங்கே ஒரு ஆள் இல்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் நுரைத்தால் அடியில் பாறை, வழுக்கும்; நுரைக்காத இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். எங்கள் மலையில் இது நண்டு சிண்டுக்கும் தெரியும். இந்தச் சமவெளிச் சனத்துக்கு இதுகூடத் தெரியவில்லையே! ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

"அட, ஆமாங் கண்ணு! நொம்ப நல்ல எடம். உனக்கு இருக்கற புத்தி இங்க ஒருத்தருக்கும் இல்ல பாரு" என்று இறங்கினார்.

நாலைந்து எட்டுதான் வைத்திருப்பார். அப்புறம் நீந்தாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தார். சாமர்த்தியம்தான் என்று கைதட்டினேன். ஆனால் எங்களைப் பார்த்துத் திரும்பி, கையை வீசி வீசி அடித்தும் அவர் தலை சிறுத்துக்கொண்டே போனது. "ஐயோ, என் தம்பி!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நான் பயந்துபோய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து, துண்டைப் பக்கவாட்டில் வீசி, "நேரா வராத! குறுக்கால நீந்து, குறுக்கால!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நல்லவேளை, மாமாவின் காதில் விழுந்தது. கரையை எட்டும் ஆசையை விட்டுவிட்டுக் குறுக்காக நீந்தினார். அலை உடையும் இடம் வந்ததும், அந்த அலையே அவரைத் தூக்கி வந்து மணலில் கடாசியது.

"கரைக்கு வந்த தண்ணி அந்த வழியாத்தாம்மா திரும்பிப் போவுது. அங்க எறங்கச் சொன்னது யாரு?" என்று மீனவர் அம்மாவிடம் சத்தம்போட்டார்.

மாமாதான் பிழைத்துவிட்டாரே, என் பயம் போன இடம் தெரியவில்லை. கடல் திரும்பிப் போகிற வழியையே கண்டுபிடித்திருக்கிறேன்! பெருமையாக வாயைத் திறந்தேன். அதற்குள், உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்த மாமா என் கையை அழுத்திப் பிடித்து, "யாரும் சொல்லலீங்க, நானாத்தான் எறங்குனனுங்க" என்றார். அம்மா அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

ஊருக்கு வந்தும் அதே பேச்சுதான். பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கில், கல்யாணப் பந்தலில், கேட்டவர்களிடமெல்லாம் "என்ற கிறுக்குப் புத்திங்க, நானாப் போயி எறங்குனேன்" என்று சிரித்தார். ஒரு தரமாவது என் பேரைச் சொல்வாரா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சொல்லவே இல்லை.

இரண்டு மாதம் அவரோடு டூ விட்டிருந்தேன். "ஏஞ் சாமி, மாமன்கிட்டப் பேசமாட்டேங்கற?" என்று கெஞ்சுவார். நான் கண்டுபிடித்ததைத் திருடிக்கொண்டு கேட்பதைப் பார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.