கார்புரேட்டரைக் கழற்றிய தம்பி

அப்பா மிலிட்டரி ஏலத்தில் எடுத்த, பெட்ரோலில் ஓடும் பழைய லாரி அது. அவர் போன பிறகு ஆர்.சி. தம்பி பேருக்கு மாறியது. அவன் சிங்கப்பூரில் இருந்தான், ஓட்டியது நான். வைக்கோல், நாற்று முடிச்சு, கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை எல்லாம் அதில்தான். என் பிழைப்பும் அதில்தான்.

அதன் கார்புரேட்டர் மகா ராங்கி. சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, கொஞ்சம் பொறுத்து, சோக்கைப் பாதி விட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். எவ்வளவு பொறுப்பது என்பது எனக்குத்தான் தெரியும். இரவல் கேட்டு வந்த சூரர்கள் எல்லாம் பெட்ரோல் நாற்றத்தோடு இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேர் அவனுடையது, ஸ்டார்ட் ஆவது என் கைக்கு. அந்தத் தைரியத்தில் இருந்தேன்.

போன வருஷம் லீவில் வந்தவன், "ஏன்க்கா பனியில கிடந்து அல்லாடுற? கார்புரேட்டரைத் தூக்கிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுடுவோம், செலவு என்னோடது" என்றான். உருகிப்போனேன். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மன்னார்குடி மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டரைப் பொருத்தினார். எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அந்த அளவுகளை ஏற்ற, மடியில் லேப்டாப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாய்க்கால் கரைச் சாலையில் நாள் முழுக்க ஓட்டினேன்.

"பனிக்காலத்துல எவ்வளவு நேரம் முக்கும்ங்க?"

"லோடு ஏத்துனா எங்க இழுக்க மாட்டேங்குது?"

கேட்கக் கேட்கச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தம்பி சாவியைத் திருப்பினான். ஒரே திருப்புதான். "இனிமே யாரு வேணாலும் எடுக்கலாம்க்கா!" என்று கத்தினான். நான் கைதட்டினேன்.

அடுத்த வாரம் பெரியப்பா மகனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனேன். வேலை இருக்கிறது என்று தம்பி வரவில்லை. திரும்பி வந்தால் கொட்டகையில் லாரி இல்லை, வீட்டில் தம்பியும் இல்லை. திருடு போய்விட்டது என்று பதறி, முதலில் மெக்கானிக்குக்குத்தான் போன் போட்டேன். அவர் இழுத்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். கும்பகோணத்துக்காரரு ஒருத்தரு வாங்கிட்டாருங்க. இன்ஜெக்‌ஷன் போட்டுக் குடுத்தாத்தான் எடுப்பேன்னு முன்னாடியே சொல்லிட்டாராம். அதுக்குத்தானே உங்க தம்பி அவசரப்பட்டாரு."

ராத்திரி தம்பி வந்ததும் கேட்டேன். "என் பேர்ல இருக்கற வண்டிதானேக்கா" என்றான், சாப்பிட்டுக்கொண்டே. தட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

விற்றதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். எனக்கு மட்டும் தெரிந்ததை என் வாயாலேயே சொல்லவைத்து அந்தப் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டானே, அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போன ஐப்பசியில், மழை ஊற்றிய ஒரு காலை, கடைத்தெருவில் அந்த லாரி நின்றது. முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர், ஒரு கையில் டீயோடு மறு கையால் சாவியைத் திருப்பினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே ஸ்டார்ட் ஆனது.